அக்கா சொன்ன சூடு

என் அக்காவுக்கு மனநோய் வந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது; எனக்குப் பதினெட்டு. ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தாள். ஒரு நாள் மத்தியானம் வேலையிலிருந்து பாதியில் எழுந்து வீட்டுக்கு வந்து, தன் மனதில் ஓடுவதையெல்லாம் எதிர் மேசைக்காரர் தட்டச்சு செய்து மேலதிகாரிக்கு அனுப்புகிறார் என்று அம்மாவிடம் சொன்னாள். குரலில் பதற்றமே இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. மருத்துவமனை, ஊசி, மாத்திரை என்று நாற்பது வருஷங்களுக்கு மேல் ஓடிவிட்டன. அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு, மயிலாப்பூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் என்னோடும் என் கணவரோடும் இருந்தாள்.

நோயின் பெயரைச் சொன்னதும் கேட்கிறவர்களுக்கு ஆள் மறைந்துவிடுகிறாள். அதனால் அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிகாக்‌ஷன் தூக்கலாக இல்லாத காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே திருப்பித் தருவாள். காலையில் பேப்பர் வந்ததும் இரங்கல் விளம்பரங்களைத்தான் முதலில் படிப்பாள். போட்டோவில் இருப்பவர் நல்லவரா இல்லையா என்று தீர்ப்பும் சொல்வாள். எழுத்துப் பிழையை அவளால் தாங்கவே முடியாது. தினமும் காலையில் நாங்கள் மாட வீதிகளைச் சுற்றி நடக்கப் போவோம். கடைப் பலகையில் சிற்றுண்டிக்கு இரண்டு சுழி ன போட்டிருந்தால், கடைக்காரரை வெளியே கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் நகருவாள். பலர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். ஒரு பழக்கடைக்காரர் மட்டும் உண்மையிலேயே பலகையை மாற்றினார். அன்றைக்கு அக்கா அவரிடம் எங்களால் தின்று தீர்க்க முடியாத அளவுக்குச் சாத்துக்குடி வாங்கினாள்.

எங்களுக்கு மேல் தளத்தில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டு அம்மாள் தரை வழியாகத் தன் தலைக்குச் சூடு அனுப்புகிறார் என்பது அக்காவின் நம்பிக்கை. உச்சந்தலையில், காதுக்குப் பின்னால் என்று இடம் சொல்வாள். சூடு கூடும்போது மாடி ஏறிப் போய் மணியடித்து, கொஞ்சம் குறைத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு வருவாள். முதல் தடவை நான் வெட்கத்தோடு பின்னாலேயே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். தங்கள் குடும்பத்திலும் ஒரு சித்தப்பா இப்படி இருந்தார், இதற்கெல்லாம் மன்னிப்பு எதற்கு என்று அந்த அம்மாள் என்னைத்தான் கடிந்துகொண்டார். அதிலிருந்து அக்கா போய் நிற்கும்போதெல்லாம் "சரிக்கா, குறைச்சிருதேன்" என்பார். அக்காவும் திருப்தியாக இறங்கி வருவாள். வருஷக்கணக்காக இப்படியே போய்க்கொண்டிருந்தது.

போன ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை நடையின்போதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. தெற்கு மாட வீதியில் புதிதாக ஒரு மெஸ் திறந்திருந்தார்கள். பலகையில் அறுசுவையை 'அருசுவை' என்று முழ உயரத்துக்கு எழுதியிருந்தார்கள். இன்றைக்கு வீடு திரும்ப நேரமாகும் என்று நினைத்தபடி நான் நின்றுவிட்டேன். அக்கா பலகையை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மேலே நடந்தாள். ஒரு கை மேல்வயிற்றில் இருந்தது.

சில நாள் கழித்துக் காப்பி டம்ளரை முழுசாகத் திருப்பித் தந்தாள். டிகாக்‌ஷன் சரியாகத்தான் இருந்தது. என்னவென்று கேட்டேன்.

"மேலாத்துக்காரா இடத்த மாத்திட்டா" என்றாள். "இப்போ தலை இல்லை. வயத்துல. துளைச்சுண்டு முதுகு வழியாப் போறது."

எப்போதெல்லாம் என்று கேட்டேன். சாப்பிட்டால் அதிகமாக அனுப்புகிறார்களாம். படுத்தாலும் அதிகமாம். குனிந்து உட்கார்ந்துகொண்டால் அவர்களால் சரியாகக் குறி வைக்க முடிவதில்லையாம். அதனால் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தபடியே தூங்கினாள்.

தி. நகரில் அவளை இருபது வருஷமாகப் பார்த்துவந்த மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். நல்ல மனிதர். அக்கா ஒரு முறை அவருடைய பெயர்ப் பலகையில் பிழை கண்டுபிடித்ததற்கு எழுந்து நின்று நன்றி சொன்னவர். அவர் கேட்டதும் அக்கா என்னிடம் சொன்னதையே சொன்னாள். யார் அனுப்புகிறார்கள், எதற்காக, அவர்கள் குரல் கேட்கிறதா என்று விசாரித்தார். குரல் கேட்கவில்லை, சூடு மட்டும்தான் என்றாள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று என்னைக் கேட்டார். நான் மெஸ் பலகையைப் பற்றிச் சொன்னேன். இந்த நோயில் ஆர்வங்கள் அப்படிக் குறைவது உண்டு என்றார். நோய் மறுபடி தலைதூக்குகிறது, மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டலாம் என்று எழுதினார். கிளம்பும்போது, எதற்கும் உடம்பை ஒரு பொது மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் என்றும் சொன்னார். அதைச் சொன்னார் என்பதையும் நான் மறைக்கக் கூடாது.

அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்த மருத்துவர் அக்காவை மேசையில் படுக்கச் சொல்லி வயிற்றை அழுத்திப் பார்த்து எங்கே வலிக்கிறது என்று கேட்டார்.

"வலி இல்லை. மேலாத்துலேர்ந்து சூடு விடறா" என்றாள் அக்கா.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவளைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. அவள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை வந்திருந்தது. அதுவரை அவளுக்குச் சர்க்கரை கிடையாது. "இந்த மாத்திரைகளுக்கே சுகர் வரும்மா" என்றார். புடவைக் கொசுவம் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டாள் என்றேன். சர்க்கரை வந்தால் இளைக்கும் என்றார். சாப்பாடே இறங்கவில்லை என்றேன். மாத்திரை கூட்டியிருக்கிறார்கள், அசதியாக இருக்கும் என்றார். சூடு என்று சொல்கிறாளே, அது வலியாக இருக்கலாம் இல்லையா என்றேன். வாயுவுக்கு ஒரு மாத்திரையும் டானிக்கும் எழுதிவிட்டு, அதை மனநல மருத்துவரிடமே சொல்லுங்கள் என்றார்.

நான் வேதியியல் ஆசிரியையாக முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காரணமும் விளைவும் எனக்குப் பழக்கமான விஷயங்கள். அவர் சொன்ன ஒவ்வொரு காரணமும் சரியாகத்தான் இருந்தது. ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் மட்டும் எதுவோ சரியாக இல்லை என்று தோன்றியது. அதை எந்த மருத்துவரிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் வற்புறுத்தியதால் வயிற்றுக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். வயிற்றில் தடவிய களிம்பு குளிர்ச்சியாக இருந்தது அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. இன்னும் கொஞ்சம் தடவச் சொன்னாள். குடலில் வாயு மறைத்ததால் கணையம் சரியாகத் தெரியவில்லை, மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். எடுக்கப் போனோம். அந்தப் பெரிய வளையத்தைப் பார்த்ததும் அக்கா மேசையிலிருந்து இறங்கிவிட்டாள். இதற்குள் படுத்தால் மேல் வீட்டுக்காரர்களுக்கு நேரடியாக இணைப்புக் கொடுத்ததுபோல ஆகிவிடும் என்றாள். கெஞ்சினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் அவாளோட சேந்துண்டுட்டியாடி?" என்று கேட்டாள். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மயக்க மருந்து கொடுத்து எடுக்கலாமா என்று அடையாறு மருத்துவரிடம் கேட்டேன். அவள் சாப்பிடும் மாத்திரைகளோடு மயக்க மருந்து ஆபத்து, மனநல மருத்துவர் சம்மதித்தால் பார்க்கலாம் என்றார். மனநல மருத்துவர், அவசரம் என்று அவர் நினைத்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். அவசரமா என்று அடையாறு மருத்துவரிடம் போய்க் கேட்டேன். இப்போதைக்கு அவசரம் ஒன்றும் இல்லை என்றார். அந்த மழைக்காலம் முழுக்க தி. நகருக்கும் அடையாறுக்கும் நான் அலைந்தேன். நடுவில் கூட்டிய மாத்திரையால் அக்கா தள்ளாடி ஒரு முறை குளியலறையில் விழுந்தாள். விழுந்ததற்காக மாத்திரையைக் குறைத்தார்கள். சூடு அப்படியே இருந்ததால் மறுபடி கூட்டினார்கள்.

என் கணவர் அதிகம் பேசாதவர். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தூக்கிக்கொண்டு போய்க் கட்டிப்போட்டு ஸ்கேன் எடுத்துவிடலாமா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மார்கழி பிறந்து கொஞ்ச நாளில், ஒரு காலைப்பொழுது, ஜன்னலோரம் உட்கார வைத்து அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். எதற்கோ அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை. கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தேன். அதுவும் மஞ்சள் பூத்திருந்தது.

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போனோம். இந்தத் தடவை யாரும் எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. நாற்காலி வண்டி வந்தது. அவள் வாயால் சொன்ன எதையும் நம்பாதவர்கள் அவளுடைய கண்ணின் நிறத்தை உடனே நம்பினார்கள். மயக்க மருந்து கொடுக்கலாமா என்ற கேள்விக்கு அரைமணி நேரத்தில் பதில் கிடைத்தது. ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி. கல்லீரலுக்கும் போய்விட்டது. பித்தம் இறங்குவதற்கு ஒரு குழாய் வைத்து, அடையாறிலேயே இருக்கும் புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

அங்கே எங்களைப் பார்த்த மருத்துவர் ஸ்கேன் படங்களை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அறுவை சிகிச்சை செய்யும் கட்டம் தாண்டிவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, "இவ்வளவு நாளா வலின்னு ஒண்ணுமே சொல்லலையாம்மா அவங்க?" என்று கேட்டார்.

"சொன்னா டாக்டர். ஆடி மாசத்துலேர்ந்து சொல்லிண்டிருக்கா" என்றேன்.



அக்காவிடம் நோயை மறைக்க வேண்டாம் என்று நான்தான் முடிவு செய்தேன். வயிற்றில் கட்டி இருக்கிறது, வெட்டி எடுக்க முடியாது என்று சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். "அத்தனை சூடு விட்டா புண்ணாகாம என்ன பண்ணும்?" என்றாள். என்னைக் குற்றம் சொல்வதுபோல இல்லை. இவ்வளவு நாள் கழித்தாவது விஷயம் வெளியே வந்ததே என்பதுபோல இருந்தது.

நோய் தெரிந்துவிட்டதால் வலிக்கு மருந்து கிடைத்துவிடும் என்று நினைத்தேன். அங்கேயும் ஒரு சங்கடம் காத்திருந்தது. நாற்பது வருஷத்து மாத்திரைகள் அக்காவின் முகத்தை இறுக்கி வைத்திருந்தன. எதற்கும் அந்த முகம் சுளிக்காது. படுக்கைக்கு வரும் நர்ஸ், பாட்டி அமைதியாக இருக்கிறார்கள், வலி இல்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். வலி பத்துக்கு எவ்வளவு என்று யாராவது கேட்டால் அக்கா, வலி இல்லை என்றே சொல்வாள். எனக்கு அவள் உட்காரும் விதம் தெரியும். தலையணை எவ்வளவு அழுத்தமாக வயிற்றில் பதிந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். ஒவ்வொரு வேளையும் வராந்தாவில் யாரையாவது பிடித்து, அவளுக்கு வலிக்கிறது என்று சொல்வேன். நோயாளியே இல்லை என்கிறாரே என்பார்கள்.

வலி நிவாரணப் பிரிவிலிருந்து ஒரு பெண் மருத்துவர் வந்தார். என் மாணவிகளின் வயதுதான் இருக்கும். அவரும் பத்துக்கு எவ்வளவு என்றுதான் ஆரம்பித்தார். அக்கா இல்லை என்றாள். அவர் போய்விடவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, இவர்கள் அதை என்ன வார்த்தையால் சொல்வார்கள் என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் திரும்பிப் போய்க் கட்டிலில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாமி, இன்னிக்கு சூடு எவ்வளவு?"

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "ஒம்பது" என்றாள்.

ஆடியிலிருந்து மார்கழி வரை நான் ஒருவருக்குக்கூடப் புரியவைக்க முடியாமல் தவித்த விஷயத்தை அவள் ஒரே எண்ணில் சொல்லிவிட்டாள். அன்றைக்கு மார்ஃபின் தொடங்கினார்கள். மறுநாள் மத்தியானம் அக்கா ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் படுத்துத் தூங்கி நான் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் பார்க்கிறார்களே என்றுகூட எண்ணாமல் நான் அழுதேன்.

கொஞ்ச நாளில் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். மருந்து இருந்தும் சூடு சில நேரங்களில் மீறிக்கொண்டு வரும். அடுத்த வேளை மருந்துக்கு இன்னும் நேரம் இருக்கும். அப்படிப்பட்ட ஒரு சாயங்காலம், அக்கா மாடிக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். எழுந்து நிற்கவே தெம்பில்லை. அவர்களிடம் நேரில் சொன்னால்தான் குறைப்பார்கள் என்று கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். என்ன செய்வது என்று தெரியாமல் நான் மாடி ஏறிப்போய் மணியடித்தேன். அந்த அம்மாளிடம் என்ன கேட்பது என்றுகூட நான் யோசித்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு என்னோடு இறங்கி வந்தார்.

கட்டிலுக்கருகே தரையில் உட்கார்ந்து அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டார். அக்கா மூச்சு வாங்க அவரைப் பார்த்து, "போறும்மா. ரொம்ப நாளாயிடுத்து. என்னால தாங்க முடியலை" என்றாள்.

"அணைச்சிட்டேன்க்கா" என்றார் அந்த அம்மாள். "மெயின் சுவிட்சையே அணைச்சிட்டுத்தான் வாரேன். இனி வராது."

அக்கா அவருடைய கையைத் தட்டிக் கொடுத்தாள். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தான் செய்யாத ஒன்றை அத்தனை வருஷமும் ஒத்துக்கொண்டு வந்தவர், அன்றைக்கு அதை நிறுத்தியும் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு தினமும் சாயங்காலம் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். சூடு நிற்கவில்லை. ஆனால் அக்கா அவரைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டாள். வேறு யாரோ என்றாள். யார் என்று கேட்டதற்கு, தெரியலையே என்றாள்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் அக்கா காலமானாள். நான் ஸ்பூனால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். தொண்டையில் இறங்கவில்லை. கன்னத்து வழியாக வழிந்தது. துடைத்துவிட்டு அடுத்த ஸ்பூனைக் கொண்டுபோகும்போது மூச்சு நின்றிருந்தது.

காரியங்கள் முடிந்த பிறகு மனநல மருத்துவரிடம் நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்று தி. நகருக்குப் போனேன். கோபத்தோடுதான் போனேன் என்று நினைக்கிறேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் என்னை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். விஷயத்தை ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். முதல் நாள் அக்கா சொன்னதை அப்படியே திரும்பச் சொல்ல முடியுமா என்று கேட்டார். சொன்னேன். எனக்கு அது மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சாப்பிட்டா அதிகம், படுத்தா அதிகம், குனிஞ்சா குறையுது, முதுகுக்குப் போகுது" என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "பாடப் புத்தகத்துல இருக்கறதையேதான் சொல்லியிருக்காங்க. யார் அனுப்பறாங்கங்கறத மட்டும்தான் நான் கேட்டேன்."

முன்னாலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். இந்தக் கட்டியில் பெரும்பாலும் அது நடப்பதில்லை என்றார். அவர் வயதான மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவராகவே, ஆனால் வலிக்கு மருந்து கொடுத்திருப்போம் என்றார். ஆடியிலிருந்தே கொடுத்திருப்போம்.

ஒருவர் உடம்பைப் பாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார். இன்னொருவர் சொன்ன காரணங்கள் ஒன்றுகூடப் பொய்யில்லை. வளையத்தைப் பார்த்து இறங்கி ஓடியவள் அக்காவேதான். இதில் யாரைப் பிடித்து நிறுத்திக் கேட்பது? வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் வாசல் வரை வந்தார்.

பாண்டி பஜாரில் நடைபாதை அகலமாக்கி உட்கார இருக்கைகள் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் உட்கார்ந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பைகளைச் சுமந்துகொண்டு ஜனங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். கணவர் போன் செய்து, கிளம்பிவிட்டாயா என்று கேட்டார். கிளம்பிவிட்டேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.